காற்று வராத சந்தில் ஒரு ரம்பம்

திடீரென்று சத்தம் கேட்டால் திடுக்கிடுகிறவர்கள் நம் வயதில் நிறைய பேர். குக்கர் விசில், பின்னாலிருந்து அடிக்கும் ஹாரன், வேளைகெட்ட வேளையில் வரும் போன். எனக்கு அதெல்லாம் பரவாயில்லை. ஓடிக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றுபோனால்தான் ஆகாது. காது மட்டும் முன்னால் போய், அடுத்து என்ன கேட்கப்போகிறது என்று காத்திருக்கும். ஒன்றும் கேட்காவிட்டால் ஓடுவேன்.

போன புதன்கிழமை சாயங்காலம் அப்படித்தான் ஓடினேன். கோட்டூர்புரத்தில் நாங்கள் இருக்கும் வீட்டின் கார் ஷெட்டில் என் மகள் ஒரு பழைய பவர் ஹாக்ஸாவை முதல்முதலாக ஓட்டிக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரியும் படிக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றது. வாசலில் செருப்பு தடுக்கி, இரும்பு கேட்டில் முழங்கால் இடித்து, ஷெட்டுக்குள் போய் நின்றபோது அவள் குனிந்து எதையோ திருகிக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா?"

"நின்னுடுத்தே."

"நான்தான் நிறுத்தினேன். இரும்பு லூஸா இருந்தது, டைட் பண்றேன். நீ ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

அவளுடைய இரண்டு கைகளையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கிரீஸும் இரும்புத் தூளும் அப்பியிருந்தன. விரல்கள் எல்லாம் இருந்தன.

"அப்பா, எண்ணி முடிச்சாச்சா? கையைக் குடு."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்கு மட்டும் அன்றைக்கு ராத்திரி சாதம் இறங்கவில்லை. மறுநாள் காலை முதல் வேலையாக, காயலான் கடைக்காரருக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து ஒரு பழைய மெஷினை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். மகளிடம் சொல்லவில்லை. கோடை முழுக்க அவள் அந்த மெஷினோடுதான் இருந்தாள். நாள் முழுவதும் கம்ப்யூட்டர் திரையில் மற்றவர்களுக்குப் படம் வரைந்து கொடுக்கிற வேலை அவளுக்கு. அது முடிந்ததும் ஷெட்டுக்குப் போய்விடுவாள். துரு சுரண்டும் சத்தத்தோடு அவள் ஏதோ முணுமுணுவென்று பாடுவது கேட்கும். பல வருஷங்களாக அவள் பாடி நான் கேட்டதில்லை.

அதை வெளியே அனுப்பத்தான் ஆளுக்குச் சொல்லியிருந்தேன்.

அந்த ரம்பத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கையால் இரும்பு அறுக்கிற ஹாக்ஸா உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதையே ஆள் உயரத்தில் பாதிக்குப் பெரிதாக்கி, இரும்புக் காலில் நிறுத்தி, மோட்டாரும் பெல்ட்டும் கட்டினால் பவர் ஹாக்ஸா. இரும்பை வைஸ் என்கிற இடுக்கிப் பிடியில் இறுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டால், வில் மாதிரி வளைந்த கை முன்னும் பின்னும் போய்வரும். இழுக்கும்போது அறுக்கும். திரும்பும்போது பிளேடு ஒரு மயிரிழை மேலே எழும்பி, அறுக்காமல் வரும். அவசரமே கிடையாது. தன் பாரத்திலேயே கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். துண்டு அறுந்து விழுந்ததும், கடைசியாகச் சரிந்த கை அடியில் இருக்கிற ஒரு சுவிட்சைத் தட்டும். மெஷின் தானாகவே நின்றுவிடும்.

தானாக நின்றுவிடும் என்பதுதான் விஷயமே.

*

அது அப்பாவின் ரம்பம். மயிலாப்பூரில், தெப்பக்குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு மதிலுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு. ஒருவர் குடையைப் பிரித்துக்கொண்டு நடக்க முடியாது. அப்பா அதன் மேல் ஆஸ்பெஸ்டாஸ் போட்டு, ஒரு பலகையில் ஸ்பானர்களை ஆணியடித்து மாட்டி, அதை வொர்க்‌ஷாப் என்று அழைத்தார். பகலெல்லாம் ஓர் ஆபீசில் கோப்புப் பார்க்கிறவர். சாயங்காலம் காபியைக் குடித்துவிட்டுச் சந்துக்குள் நுழைந்தால் வேறு ஆள்.

தி.நகரில் ஒரு லேத் பட்டறையைக் காலி செய்தபோது, வெளியே மழையில் கிடந்த அந்த மெஷினைப் பார்த்துவிட்டார். ஓர் ஆடி மாதத்துக் காலையில் அது மீன்பாடி வண்டியில் ஏறி எங்கள் வாசலுக்கு வந்தது. கயிற்றைக் கட்டிப் பிடித்தபடி நடந்தே வந்த வண்டிக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"இன்னா சார் இது, ரயிலு இஞ்சினா? மவுண்ட் ரோடு பூரா ஜனங்க வேடிக்க பாத்துக்கினு வந்துச்சு."

"இரும்பு அறுக்கற மெஷின்பா."

"இத்த அறுக்க இன்னொரு மிசின் வோணும் போல கீதே."

அம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். ஈரத்தில் ஊறிய துரு வண்டியிலிருந்து செந்நிறமாகச் சொட்டி, காலையில் போட்ட கோலத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, ஆடி மாசத்துல யாராவது புதுசா சாமான் வாங்குவாளா?"

"இதுல எதுடி புதுசு?" என்றார் அப்பா.

எனக்கு அன்றைக்கு ஒன்பது வயதுபோல இருக்கும். அந்தப் பருவம் முழுவதும் என் நினைவில் மண்ணெண்ணெய் வாசனையாகத்தான் இருக்கிறது. அப்பா நட்டையும் போல்ட்டையும் கழற்றிப் பழைய பிஸ்கட் டின்களில் ஊறப் போடுவார். அடுத்த நாள் சாயங்காலம் எடுத்து உப்புத்தாளால் தேய்த்தால் துருவுக்கு அடியிலிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு பளபளப்பு மெதுவாக எழுந்து வரும். மேகத்துக்குப் பின்னால் நிலா இருக்கிறதே, அந்த மாதிரி. கழற்ற வராத ஒரு போல்ட்டுக்கு ஒரு வாரம் விளக்கெண்ணெய் விட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை அது சின்னதாக ஒரு முனகலோடு அசைந்தபோது, குளித்து முடித்த குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தார். ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சிய பச்சைப் பெயின்டையே மெஷினுக்கும் அடித்தார். மதிலுக்கு அந்தப்புறம் யாரோ காப்பிக்கொட்டை வறுப்பார்கள். கோவிலிலிருந்து நாகஸ்வரம் காற்றில்லாத சாயங்காலத்தில் தேய்ந்து தேய்ந்து வரும். பச்சைப் பெயின்டும் காப்பியும் மண்ணெண்ணெயும் ஒன்றாகக் கலந்த அந்த வாசனையை வேறு எங்கேயாவது முகர்ந்துவிடுவேனா என்று இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மோட்டார்தான் பிரச்சினை. மெஷினோடு வந்தது பட்டறைக் கரன்டில் ஓடுகிற மோட்டார். வீட்டுக் கரன்டில் உறுமக்கூட இல்லை. அப்பாவின் கண் சமையலறைப் பக்கம் போனது. அங்கே அம்மாவின் கிரைண்டர் இருந்தது.

"மாவரைக்கற அன்னிக்குத் திருப்பி மாட்டிடறேன்."

"மாட்டறச்சே ஒரு போல்ட் மிஞ்சினா, நீங்களே உக்காந்து ஆட்டுங்கோ."

கிரைண்டரிலிருந்து மோட்டாரைப் பெயர்த்துச் சந்துக்குக் கொண்டுபோனார். பெல்ட்டை மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் பச்சைக் கை முன்னும் பின்னும் அசைய ஆரம்பித்தது. நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம். மாடி மாமாகூட வந்திருந்தார். எங்கள் மாடியில் குடியிருந்தவர். ஓய்வுபெற்ற பிறகு மத்தியானத் தூக்கம் ஒன்றைத்தான் உத்தியோகமாக வைத்திருந்தார்.

சாயங்காலம் முழுக்க ஓடியது. இரும்பு அறுபடவே இல்லை. அப்பா குனிந்து பார்த்தார், பாரத்தைக் கூட்டினார், எண்ணெய் விட்டார். விளக்கேற்றும் நேரத்தில் மெஷினை நிறுத்திப் பார்த்தால், பிளேடு பட்ட இடத்தில் இரும்பு கண்ணாடி மாதிரி மின்னியது. ஒரு கீறல் கிடையாது.

அம்மா எட்டிப் பார்த்தாள். "நன்னா தேய்ச்சிருக்கே. நவராத்திரிக்கு என் பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் கொண்டுவந்து வெச்சுடறேன்."

கிரைண்டர் மோட்டார் எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருக்கிறது. அதனால் அறுக்க வேண்டிய இழுப்பில் கை மேலே எழும்பியது. சும்மா வர வேண்டிய திரும்பலில் கீழே அழுந்தியது. வேலை செய்வது மாதிரியே எல்லாம் நடந்துகொண்டிருந்தது, வேலைதான் நடக்கவில்லை. அப்பாவுக்கு இது அடுத்த நாள் ஆபீசில் ஏதோ கோப்பைப் படித்துக்கொண்டிருக்கும்போது திடீரென்று புரிந்ததாம். வீட்டுக்கு வந்ததும் காபிகூடக் குடிக்காமல் மோட்டாரைத் திருப்பி வைத்து மாட்டினார்.

அன்றைக்கு அறுத்தது. இழுக்கும்போது 'சர்ர்ர்' என்று ஒரு நீளமான சத்தம், திரும்பும்போது மௌனம். மறுபடி சர்ர்ர், மறுபடி மௌனம். தூங்குகிறவர்கள் மூச்சு விடுவது மாதிரி. பிளேடு சூடாகாமல் இருக்க அப்பா மேலே ஒரு டப்பாவைக் கட்டி, எண்ணெயைத் தண்ணீரில் கலந்து சொட்ட விட்டிருந்தார். அது வெள்ளையாக, பால் மாதிரி சொட்டியது. மெஷின் பால் குடிக்கிறது என்று ரொம்ப நாள் நம்பினேன். தெருப்பூனைக்கும் அதே சந்தேகம் இருந்திருக்க வேண்டும். ஒருநாள் வந்து முகர்ந்து பார்த்துவிட்டு, எங்கள் எல்லோரையும் முறைத்துவிட்டுப் போனது. துண்டு அறுந்து விழுந்ததும் அப்பா அதை எடுத்து என் உள்ளங்கையில் வைப்பார். அறுத்த முகம் வெள்ளி மாதிரி இருக்கும். கொஞ்ச நேரம் வரை அதில் சூடு இருக்கும், அப்போதுதான் ஒருவர் பிடித்துவிட்டுக் கொடுத்த நாணயம் மாதிரி.

"என்ன ஓய், ஆத்துல தறி போட்டுட்டீரா?" என்று மாடி மாமா ஜன்னலிலிருந்து கேட்டார்.

"கொலுப்படி பண்றேன் மாமா. இரும்புப் படி. வருஷா வருஷம் டிரங்குப் பெட்டியை அடுக்கி வேஷ்டி போத்தறதுக்கு இந்த வருஷத்தோட முடிவு."

*

அறுப்பது அப்பாவுக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு அதன் நிறுத்தம்தான் பிடிக்கவில்லை.

சமையலறையில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாலும், சந்திலிருந்து சத்தம் நின்றதும் கையை அப்படியே வைத்துக்கொண்டு நிற்பாள். பிறகு வேகமாகப் போய்ச் சந்தின் வாசலில் நின்று, புருவத்தைச் சுளித்து அப்பாவைப் பார்ப்பாள். அப்பா துண்டு இரும்பைத் தூக்கிக் காட்டுவார். திரும்பி வந்துவிடுவாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி சத்தம், மறுபடி நிறுத்தம், மறுபடி போய் நிற்பாள். அம்மாவுக்கு அந்த மெஷின் மேல் வெறுப்பு, முறைக்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பார்த்தது அப்பாவின் முகத்தை அல்ல, கைகளை என்று எனக்குத் தெரிந்தது போன புதன்கிழமைதான்.

அப்பாவுக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன் சைக்கிளிலிருந்து மணியைக் கழற்றி, மெஷினின் பக்கவாட்டில் இரண்டு ஓட்டை போட்டு மாட்டினார். கை கடைசியாகச் சரிந்து சுவிட்சைத் தட்டும்போது, மணியின் நாக்கையும் சேர்த்துத் தட்டும்.

"இனிமே நீ ஓடி ஓடி வர வேண்டாம். ட்ரிங்னு கேட்டா துண்டு விழுந்துதுன்னு அர்த்தம். மணி அடிக்காம நின்னா வா."

"நிஜமாவா?"

"ஆமாண்டி. உனக்காகத்தான் மாட்டினேன்."

அம்மா அன்றைக்கு எல்லோருக்கும் பால் பாயசம் வைத்தாள். காரணம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் என் சின்ன வயதிலேயே அமைதியான வாரங்கள் என்று சொல்லலாம். வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை, அதற்கு அடியில் சர்ர்ர் என்று ரம்பம். நான் சமையலறைத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதுவேன். ட்ரிங் என்று கேட்கும். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "ஆச்சு, ஒண்ணு முடிஞ்சுது" என்பாள். ஒருமுறை மணி அடிக்காமல் நின்றது. மாவுக் கையோடு ஓடினாள். கரன்ட் போயிருந்தது. அப்பா இருட்டில் ஸ்டூலில் உட்கார்ந்து, "வந்துட்டியா, நல்ல வேளை, டார்ச்சை எடுத்துண்டு வா" என்றார். அப்பாவின் சட்டைத் தோளில் வெள்ளையாக ஐந்து விரல்கள் பதிந்திருந்ததைப் பிறகு பார்த்தேன்.

மணி ஒழுங்காக வேலை செய்கிறது என்று இருவருக்கும் அதனால் இன்னும் நிச்சயமாகிவிட்டது.

நவராத்திரிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. அம்மா அடை வார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரிங் கேட்டது. "ஆச்சு, ஒண்ணு முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு அடையைத் திருப்பினாள். அந்த அடை வெந்தது, இன்னொன்றும் வெந்தது. சத்தம் மறுபடி ஆரம்பிக்கவில்லை. அப்பா அடுத்த இரும்பை அளந்துகொண்டிருப்பார் என்று நினைத்தோம். பிறகு அவரே உள்ளே வந்தார். இடது கையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"அடை ஆயிடுத்தா?" என்று கேட்டார், ஒன்றும் நடக்காத மாதிரி.

துண்டிலிருந்து ஒரு சொட்டு சமையலறைத் தரையில், என் நோட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. அம்மா அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். சத்தமே போடவில்லை.

பாதி அறுத்துக்கொண்டிருக்கும்போது பிளேடு மழுங்கிவிட்டிருக்கிறது. அப்பா புதுப் பிளேடை மாட்டி, அதே வெட்டில் விட்டிருக்கிறார். தேய்ந்த பிளேடு போட்ட வெட்டு ஒடுக்கமாக இருக்கும். புதுப் பிளேடின் பற்களுக்கு அதில் இடம் இருக்காது. சிக்கி, படீரென்று ஒடிந்து, ஒரு துண்டு அவருடைய முன்கையில் பாய்ந்துவிட்டது. தாங்கிக்கொள்ள பிளேடு இல்லாமல் ரம்பத்தின் கை கீழே சரிந்தது. சரிந்ததும் சுவிட்சைத் தட்டியது. மணியையும் தட்டியது.

துண்டு விழுந்தாலும் பிளேடு ஒடிந்தாலும் அந்த மணிக்கு ஒன்றுதான். கை சரிந்துவிட்டது என்பதை மட்டும்தான் அதனால் சொல்ல முடியும். இது எங்கள் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை.

லஸ் பக்கத்திலிருந்த டாக்டரிடம் ரிக்‌ஷாவில் போனார்கள். என்னை மாடி மாமா வீட்டில் விட்டுவிட்டுப் போக நேரமில்லாமல் என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். மழை நின்று தெருவிளக்குகள் எல்லாம் ரோட்டில் தலைகீழாக நின்றன. நான் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

"கூப்பிட்டிருக்கலாமே," என்றாள் அம்மா.

"மணி அடிச்சுடுத்து. நீ வரமாட்டேன்னு தெரியும்," என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, "கூப்பிட்டா நீ பயந்துப்பேன்னு பாத்தேன்," என்றார்.

"மணி அடிச்சுடுத்துன்னுதான் நான் அடையைத் திருப்பிண்டு நின்னேன்," என்றாள் அம்மா.

அவ்வளவுதான் பேசினார்கள். கையில் தையல் போட்டுக்கொண்டு திரும்பி வந்தோம்.

*

அந்த மெஷின் வீட்டைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். மாடி மாமாவும் அப்படித்தான் நினைத்தார். இரண்டு மூன்று நாள் சந்து சும்மா இருந்ததும், மாடிப்படியில் பாதி இறங்கி வந்து அம்மாவிடம் கேட்டார்:

"என்னம்மா, கடைசியில தூக்கிக் கொடுத்துட்டேளா? மத்தியானம் படுத்தா எனக்குக் கண்ணே அசர மாட்டேங்கறது."

"உங்களுக்குத்தான் சத்தம் ஆகாதே மாமா?"

"சத்தம் ஆகாதுதான். நின்னது அதைவிட ஆகலை."

அப்பா அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தார். படி பாதியில் நின்றது. அறுக்க வேண்டிய இரும்பு சந்தில் சாய்ந்து கிடந்தது. தையல் பிரித்த அன்றைக்குச் சாயங்காலம் தயங்கித் தயங்கிச் சந்துக்குப் போய் மெஷினைத் துடைக்க ஆரம்பித்தார். மணி இருந்த இடம் காலியாக இருந்தது. அம்மா அதை முன்னாடியே கழற்றிவிட்டிருந்தாள். ஸ்பானர் பிடிக்க அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அப்பா அந்த இரண்டு ஓட்டைகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். அதற்குள் அம்மா ஒரு மணையையும், முறத்தில் அவரைக்காயையும் எடுத்துக்கொண்டு வந்து, பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் மதிலோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"இங்க எதுக்கு? ஒரே எண்ணெயும் தூளும்."

"உள்ள புழுங்கறது. இங்க காத்து வரது," என்றாள். அவரைக்காயின் நாரை உரித்தாள்.

அப்பா சுவிட்சைப் போட்டார். சர்ர்ர்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாள். கீரை ஆய்வாள், பூக் கட்டுவாள், கொலு பொம்மைகளின் மூக்குக்கும் விரலுக்கும் கலர் தொட்டு வைப்பாள். ஒரு துண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் அப்பா ஆபீஸ் கதை சொல்லுவார். அம்மா சிரிப்பாள். நான் அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொள்வேன். ரம்பத்தின் பச்சைக் கை மேலே போய்வந்துகொண்டிருக்கும், யாரோ தூளி ஆட்டுவது மாதிரி. எப்போது தூங்கினேன் என்று ஒருநாளும் தெரிந்ததில்லை. அந்த வருஷத்துக் கொலுவில் இரும்புப் படி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. செட்டியார் பொம்மைக்கு அடியில் காகிதத்தை மடித்துச் செருகினோம். ஆயுத பூஜையன்று மெஷினுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, தொடாமல் விட்டோம். அன்றைக்கு ஓடாது என்று தெரிந்தும் அம்மா இரண்டு தடவை சந்தை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

என் அப்பா அம்மா ரொம்ப சந்தோஷமாக இருந்த காலம் எது என்று யாராவது கேட்டால், நான் அந்தச் சந்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அங்கே நல்ல காற்று வரும் என்றும் சேர்த்துச் சொல்லுவேன்.

அப்பாவுக்குப் பிறகு அம்மாவும் போய், அந்த வீட்டை இடித்துப் புது ஃப்ளாட் கட்ட இந்த வருஷம் கையெழுத்துப் போட்டோம். காலி செய்யும்போது நானும் மகளும் கடைசியாகச் சந்துக்குப் போனோம். சித்திரை வெயில். ஒரு பக்கம் எங்கள் சுவர், ஒரு பக்கம் மதில், மேலே ஆஸ்பெஸ்டாஸ், பின்னால் அடைத்த கதவு. ஒரு நிமிஷம் நின்றதில் இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது. அந்தச் சந்தில் காற்று வர வழியே கிடையாது. ஒருநாளும் வந்திருக்காது.

"அப்பா, இது என்ன மெஷின்? நான் எடுத்துக்கட்டுமா?" என்று மகள் கேட்டாள். நான் வேறு எதையோ யோசித்துக்கொண்டு தலையை ஆட்டிவிட்டேன்.

*

சனிக்கிழமை மத்தியானம் அவள் என்னை ஷெட்டுக்குக் கூப்பிட்டாள். பழைய பெயின்டைச் சுரண்டி, ஜன்னல்கம்பிப் பச்சைக்கு அடியிலிருந்த இரும்பைக் காட்டினாள்.

"இங்க பாரு, ரெண்டு ஓட்டை. கம்பெனி போட்டது இல்ல. என்ன இருந்தது இங்க?"

சொன்னேன். மணியை, அடையை, ரிக்‌ஷாவை, எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மணி எங்க?"

"என் சைக்கிள்ல மாட்டினேன். தெப்பத்துக்குப் போன கூட்டத்துல சைக்கிளோட போச்சு."

அவள் என் முழங்காலைப் பார்த்தாள். "நான் வேணா ஒரு சென்சார் வெச்சுடறேன்பா. கை இறங்கினதும் உன் போனுக்கு மெசேஜ் வந்துடும். நீ ஓடி வர வேண்டாம்."

"மெசேஜ் வேண்டாம்."

"ஏன், மணி மாதிரிதானே?"

"மணி மாதிரிதான். அதான் வேண்டாம்."

அவள் மெஷின் பக்கம் திரும்பினாள். வைஸில் இருந்த இரும்பு பாதி அறுபட்டிருந்தது. பிளேடைத் தடவிப் பார்த்து, கழற்றிவிட்டுப் புதிது மாட்டினாள். நான் ஓரடி முன்னால் வைத்தேன். அவள் இரும்பை வைஸிலிருந்து எடுத்து, புரட்டி, வெட்டில்லாத பக்கத்தை மேலே வைத்து இறுக்கினாள். புதுப் பிளேடைப் புது இடத்தில் இறக்கினாள். யாரும் சொல்லித் தந்ததில்லை. எங்கேயோ படித்திருக்கிறாள், அல்லது நான் சொன்ன கதையிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அம்மாவுக்கும் போயிருக்காது. அம்மாவிடம் அந்தப் பயத்துக்கு ஒரு மணையும் முறமும் இருந்தன, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி வந்தது. காயலான் கடைக்காரர் அனுப்பிய ஆள் வாசலில் நின்று ஷெட்டுக்குள் பார்த்தார்.

"மிசின் கீதுன்னு சொன்னாங்களே சார். அதுவா? அது ஓடிக்கினு இருக்குதே."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். சுவிட்சின் மேல் இருந்த கை அப்படியே இருந்தது.

"ஓடற மெஷினை யாராவது போடுவாளா? துண்டு இரும்புதான்பா. அந்த மூட்டையில இருக்கு, எடுத்துக்கோ," என்றேன்.

"இதுக்கு எதுக்கு சார் வண்டி? பையில போட்டுக்கினு நடந்தே வந்திருப்பேனே." முணுமுணுத்துக்கொண்டே மூட்டையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அவள் மெஷினை நிறுத்தினாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியையும், மனைவி உரிக்க வைத்திருந்த சின்ன வெங்காயத்தையும் எடுத்துக்கொண்டு வந்தேன். பெல்ட்டுக்கு எட்டாத தூரத்தில் போட்டு உட்கார்ந்தேன்.

"இங்க எதுக்குப்பா? ஒரே தூள்."

"உள்ள புழுங்கறது. இங்க காத்து வரது."

வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. அவள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூலையில் தன் பக்கம் திருப்பி வைத்திருந்த டேபிள் ஃபேனை என் பக்கமாகத் திருப்பினாள். பிறகு சுவிட்சைப் போட்டாள்.